மேற்படிப்புக் கட்டணமும் வருமான வரியும்: மட்டக்களப்பிலிருந்து ஒரு மீளாய்வு

மாதச் சம்பளத்தில் வரி பிடிக்கப்படும் ஒருவர் சொந்தப் பணத்தில் எம்.பி.ஏ. படிக்கிறார். அந்தக் கட்டணத்தைத் தன் வருமானத்திலிருந்து கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் வரி கட்ட அவருக்கு வழி உண்டா? மட்டக்களப்பில் 2023க்கு முன் இதை அதிகம் பேர் கேட்டதில்லை. கேட்கவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. இன்று வங்கி உத்தியோகத்தர், விரிவுரையாளர், வைத்தியர், பொறியியலாளர், தொண்டு நிறுவன முகாமையாளர் எல்லோரும் கேட்கிறார்கள்.

இன்றைய சட்டப்படி வழி இல்லை என்பதே நேரான விடை. ஆனால் அந்த வழி 2020 ஜனவரி 1 முதல் 2022 டிசம்பர் 31 வரை திறந்திருந்தது. திறந்திருந்த காலத்தில் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் அதைப் பயன்படுத்தும் நிலையில் இருந்தவர்கள் மிகச் சிலர். நம்மவர் பலர் வரி வலைக்குள் வந்த அதே நாளில் அது மூடப்பட்டது. சட்டம் சொல்வதையும், அது இந்த இடத்துக்கு வந்த வழியையும், மற்ற நாடுகள் இதே கேள்வியைத் தீர்த்த விதத்தையும், நாம் கேட்கவேண்டியதையும் இக்கட்டுரை ஒருசேரப் பார்க்கிறது.

படிப்பவர்கள் யார்

1981 ஆகஸ்ட் 1இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986 ஒக்டோபர் 1 முதல் அது கிழக்குப் பல்கலைக்கழகம். வந்தாறுமூலையிலுள்ள அதன் வர்த்தக முகாமைத்துவ பீடத்தில் வியாபார நிர்வாக முதுமாணிப் படிப்பு நடக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்தின் பொதுநலவாய எம்.பி.ஏ.யில் சேர்ந்து வேலையோடு படிப்பவர்களும் உண்டு. கொழும்பு வரை போய் வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

இலங்கையில் இளமாணிப் பட்டம் வரை அரச கல்வி இலவசம். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா வகுத்த வழியில் 1945இலிருந்து இந்த நாடு காத்துவரும் பெருமை அது. முதுமாணிக்கு அந்தச் சலுகை கிடையாது; அரச பல்கலைக்கழகத்திலும் கட்டணம் கட்டியே படிக்கவேண்டும். படிப்பவரும் இருபத்திரண்டு வயது மாணவர் அல்ல. வீட்டுக் கடன், பிள்ளைகளின் ரியூசன், பெற்றோரின் மருந்து எல்லாவற்றையும் ஒரே சம்பளத்தில் சமாளிப்பவர். அவர் பொழுதுபோக்குக்காகப் படிக்கவும் இல்லை. விரிவுரையாளர் பதவியில் நிலைக்கவும் உயரவும் பட்டமேற்படிப்பு வேண்டும். வங்கியில் முகாமையாளர் நாற்காலிக்கான போட்டியில் அது எடை சேர்க்கும். ஏறாவூரில் அரிசி ஆலையும் காத்தான்குடியில் மொத்த வியாபாரமும் நடத்தும் குடும்பங்களில், அடுத்த தலைமுறை அந்தத் தொழிலைப் பெரிதாக்க இந்தப் படிப்பை நாடுகிறது.

சம்பளக்காரருக்குச் சட்டம் சொல்வது

இலங்கையில் வருமான வரி 1932ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு தொடங்கியது. இப்போது நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். அது 2018 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. பிறகு பலமுறை திருத்தப்பட்டது. தொழில் செய்து பெறும் சம்பளம், வியாபார வருமானம், முதலீட்டு வருமானம் என்று அது வருமானத்தைப் பிரித்துப் பார்க்கிறது. நம் கேள்விக்கான விடை இந்தப் பிரிவிலேயே இருக்கிறது.

சம்பள வருமானத்திலிருந்து செலவு எதையும் கழிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. வேலைக்குப் போகும் பஸ் காசு, வேலைக்காக வாங்கிய மடிகணினி, வேலையில் உயர்வதற்காகக் கட்டிய கட்டணம் எல்லாவற்றுக்கும் ஒரே விதி. சம்பளக்காரருக்குக் கிடைப்பது எல்லோருக்கும் பொதுவான தனிநபர் நிவாரணம். அது போக மிஞ்சும் தொகைக்கு, முற்பணத் தனிநபர் வருமான வரி (ஏபிஐடி) என்ற பெயரில் முதலாளியே மாதாமாதம் பிடித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பிவிடுகிறார். சம்பளப் பட்டியலில் ஊழியர் சேமலாப நிதிக்குப் பிடித்த 8 வீதத்துக்கும் கடன் தவணைக்கும் பக்கத்தில் 'ஏபிஐடி' என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தொகையைக் கணிக்கும் அட்டவணைக்குத் தெரிந்தது மொத்தச் சம்பளம் மட்டுமே. அந்த மாதம் பல்கலைக்கழகக் கணக்கில் கட்டிய பணம் அதற்குத் தெரியாது.

சொந்தத் தொழில் செய்பவருக்கு

வியாபாரிக்கு வாசல் சற்று அகலம். வருமானத்தை ஈட்டுவதற்காகச் செய்த செலவை அவர் கழிக்கலாம். ஆனால் தன் சொந்த வாழ்க்கைக்காகச் செய்த இல்லச் செலவைக் கழிக்க முடியாது. படிப்பு இந்த இரண்டில் எதில் சேரும்?

ஏறாவூர் ஆலைக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். நெல்லின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துவது பற்றிய இரண்டு நாள் பயிற்சிக்கோ, கணக்கு மென்பொருளைப் பழகும் குறுகிய வகுப்புக்கோ அவர் பணம் கட்டுகிறார். ஆலையின் அன்றாட வேலையோடு நேராக ஒட்டிய செலவு அது. கணக்காளர் தயங்காமல் தொழிற்செலவில் எழுதுவார். அதே மனிதர் எம்.பி.ஏ.க்குக் கட்டிய பணத்தை அந்தப் பேரேட்டில் எழுத வந்தால் கணக்காளர் பேனையை வைத்துவிடுவார். பட்டம் ஆலைக்குச் சொந்தமானதல்ல, ஆளுக்குச் சொந்தமானது. நாளை ஆலையை விற்றாலும் பட்டம் அவரோடுதான் போகும் என்பது வரிச் சட்டத்தின் நீண்டகாலப் பார்வை.

இந்தப் பார்வையில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு குறையும் இருக்கிறது. அவர் புதிய உமி நீக்கும் இயந்திரம் வாங்கினால் அதன் பயனும் பல ஆண்டுகள் நீடிக்கும். அதற்காகச் சட்டம் அதை ஒதுக்கிவிடவில்லை. விலையை 5 ஆண்டுகளுக்குப் பிரித்துக் கழித்துக்கொள்ள மூலதனப் படி தருகிறது. கட்டடத்துக்கு 20 ஆண்டுகள். ஆலையை நடத்தும் மனிதரின் அறிவுக்குப் போட்ட பணத்துக்கு ஒரு நாள்கூட இல்லை.

முதலாளி கட்டினால்

நிறுவனமே ஊழியரின் கட்டணத்தைக் கட்டினால் என்ன என்று கேட்பார்கள். ஊழியர்களைத் தன் தொழிலுக்காகப் பயிற்றுவிக்கும் செலவை நிறுவனம் தன் கணக்கில் கழிக்கலாம். ஆனால் ஊழியரின் சொந்தச் செலவை நிறுவனம் தீர்த்துவைத்தாலோ மீளக் கொடுத்தாலோ சட்டம் அதைச் சம்பளத்தின் ஒரு பகுதியாகவே எண்ணும். ஊழியர் சொந்தமாகச் சேர்ந்து பெறப்போகும் பட்டத்தின் கட்டணத்தை நிறுவனம் கொடுத்தால், அந்தத் தொகைக்கும் வரி பிடிக்கப்படும் என்று எதிர்பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு. நிறுவனம் தன் தேவைக்காகத் தானே ஏற்பாடு செய்யும் பயிற்சி வேறு வகை. ஆகவே இந்த உதவி பெறுகிறவர், நிறுவனம் எந்தக் காரணத்துக்காகப் பணம் கட்டுகிறது என்பதைக் கடிதமாக வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும்.

திறந்து மூடிய மூன்று ஆண்டுகள்

2019 இறுதியில் ஆட்சி மாறியதும் பெரிய வரிக் குறைப்பு அறிவிக்கப்பட்டது. 2020 ஜனவரி 1 முதல் தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாவானது. அதற்கு மேல் 'செலவின நிவாரணம்' என்ற பெயரில் 12 இலட்சம் ரூபா வரை கழிக்க இடம் தரப்பட்டது. மருத்துவச் செலவு, வீட்டுக் கடன் வட்டி, சில வகைச் சேமிப்பும் முதலீடும் ஆகியவற்றோடு, உள்நாட்டில் தனக்காகவோ பிள்ளைகளுக்காகவோ செய்த தொழிற்கல்விச் செலவும் ஏனைய கல்விச் செலவும் அந்தப் பட்டியலில் இருந்தன. வந்தாறுமூலையில் கட்டிய எம்.பி.ஏ. கட்டணத்துக்கு இலங்கையின் அண்மைக்கால வரிச் சட்டத்தில் நேரடி இடம் கிடைத்தது அப்போதுதான். 2021ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இதற்கு முழு வடிவம் கொடுத்தது.

ஆனால் 30 இலட்சம் என்றால் மாதம் 250,000 ரூபா. அன்றைய மட்டக்களப்பில் அவ்வளவு சம்பளம் வாங்கியவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலான வங்கி உத்தியோகத்தருக்கும் விரிவுரையாளருக்கும் கட்டவேண்டிய வரியே இருக்கவில்லை. வரி இல்லாதவருக்கு நிவாரணத்தால் ஒரு சதமும் கிடைக்காது.

பிறகு நாடு வங்குரோத்தானது. சர்வதேச நாணய நிதியத்தோடு பேச்சு நடந்தது. ஏறத்தாழ 300 கோடி டொலர் உதவித் திட்டம் 2023 மார்ச்சில் அங்கீகாரம் பெற்றது. அரசாங்கத்தின் வருமானத்தைக் கூட்டவேண்டிய கட்டாயத்தில் 2022ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது. 2023 ஜனவரி 1 முதல் தனிநபர் நிவாரணம் 12 இலட்சமாக இறங்கியது. அதற்கு மேல் ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 6, 12, 18, 24, 30 என்று ஏறி, கடைசியில் 36 வீதம் வரை வரி போனது. செலவின நிவாரணம் முற்றாக நீக்கப்பட்டது. 2022/23 மதிப்பீட்டு ஆண்டில் முதல் ஒன்பது மாதங்களுக்கு உரிய 9 இலட்சமே அதன் கடைசிப் பங்கு.

மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் வாங்கிய ஒவ்வொருவரும் ஒரே இரவில் வரி செலுத்துநரானார்கள். பல்கலைக்கழக ஆசிரியர்களும் வைத்தியர்களும் வங்கி ஊழியர்களும் நாடெங்கும் வீதிக்கு இறங்கினார்கள். வரி வீதம் பற்றியே அப்போது எல்லோரும் பேசினார்கள். படிப்புச் செலவுக்கான கழிவும் கூடவே போனதை அநேகர் கவனிக்கவில்லை.

2025ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் சற்று ஆறுதல் தந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் நிவாரணம் 18 இலட்சம். அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், பிறகு ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30, மீதிக்கு 36. படிப்புச் செலவுக்கான நிவாரணம் திரும்பவில்லை.

நிவாரணமே கூடாது என்ற கொள்கை இந்தச் சட்டத்தில் இல்லை என்பதையும் கவனிக்கவேண்டும். கூரையில் சூரிய மின்கலம் பூட்டி மின்வலையோடு இணைப்பவர் ஆண்டுக்கு 6 இலட்சம் வரை கழிக்கலாம். வீட்டை வாடகைக்கு விட்டவர் திருத்த வேலைக்கென்று வாடகையில் 25 வீதத்தைக் கழிக்கலாம். இரண்டும் நியாயமானவை. கூரைக்கும் சுவருக்கும் தந்த இடத்தை அந்த வீட்டுக்குள் இருந்து படிப்பவருக்குத் தராததே குறை.

ரூபாவில் பார்த்தால்

கணக்குக்காக, ஆண்டுக்கு 300,000 ரூபா கட்டணம் கட்டும் இருவரை எடுப்போம். ஒருவரின் சம்பளம் மாதம் 200,000. மற்றவருக்கு 400,000.

2021/22இல் முதலாமவருக்கு வரி இல்லை. நிவாரணத்தால் லாபமும் இல்லை. இரண்டாமவரின் வரி விதிக்கத்தக்க தொகை 18 இலட்சம், வீதம் 6. 300,000 கழிந்ததால் அவருக்கு 18,000 ரூபா மிஞ்சியது.

2023/24இல் முதலாமவர் ஆண்டுக்கு 126,000 ரூபா, அதாவது மாதம் 10,500 ரூபா வரி கட்டினார். பழைய கழிவு இருந்திருந்தால் அது 78,000 ஆகியிருக்கும். அவர் இழந்தது 48,000 ரூபா. தேவை வந்த ஆண்டில் உதவி இல்லாமல் போனதை இந்த ஓர் எண்ணே காட்டும்.

2025/26இல் முதலாமவரின் வரி ஆண்டுக்கு 36,000. இரண்டாமவரின் வரி 600,000. இன்று அந்தக் கழிவு திரும்பி வந்தால் முதலாமவருக்கு 18,000 ரூபாவும் இரண்டாமவருக்கு 108,000 ரூபாவும் மிஞ்சும். ஒரே வகுப்பு, ஒரே கட்டணம். ஆனால் இரட்டிப்புச் சம்பளம் வாங்குபவருக்கு ஆறு மடங்கு உதவி. ஏறிச் செல்லும் வரி வீதமும் வருமானத்திலிருந்து கழிக்கும் முறையும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். ஆகவே பழைய நிவாரணத்தை அப்படியே திருப்பித் தாருங்கள் என்று கேட்பது சரியான கோரிக்கை ஆகாது.

மற்ற நாடுகளில்

இந்தக் கேள்விக்கு மிக விரிவான வழக்கு வரலாறு அமெரிக்காவில் இருக்கிறது. இப்போது செய்யும் வேலையின் திறனைக் காக்கவோ வளர்க்கவோ உதவும் படிப்பின் செலவைக் கழிக்கலாம். அந்த வேலைக்கான அடிப்படைத் தகுதியைத் தரும் படிப்பையோ புதிய தொழிலுக்குத் தகுதியாக்கும் படிப்பையோ கழிக்க முடியாது என்பது அங்குள்ள அளவுகோல். சட்டப் பட்டம் புதிய தொழிலைத் திறந்துவிடும்; எம்.பி.ஏ. அப்படி ஒரு தொழிலுக்கான உரிமத்தைத் தருவதில்லை. அதனால் எம்.பி.ஏ. வழக்குகள் ஒவ்வொன்றும் ஆளின் வேலையைப் பொறுத்தே தீர்ந்தன. 2005இல் அலெமையர் என்ற விற்பனை அலுவலர் வென்றார். 2009இல் சிங்கிள்டன் கிளார்க் என்ற தாதி, வைத்தியசாலைத் தர மேற்பார்வை வேலையில் இருந்துகொண்டு படித்த எம்.பி.ஏ.க்காகத் தானே வாதாடி வென்றார். இளமாணி முடித்த கையோடு எம்.பி.ஏ.யில் சேர்ந்த லிங்க் என்பவர் 1988இல் தோற்றார்; வளர்த்துக்கொள்ள அவரிடம் நிலைபெற்ற தொழில் எதுவும் இருக்கவில்லை.

அமெரிக்காவில் 2017இல் வந்த வரிச் சட்டம் சம்பளக்காரர்களுக்கு இந்தக் கழிவை 2018 முதல் நிறுத்தியது. 2025இல் வந்த சட்டம் அந்த நிறுத்தத்தை நிரந்தரமாக்கியது. சொந்தத் தொழில் செய்பவர் இன்னும் கழிக்கலாம். முதலாளி தரும் கல்வி உதவியில் ஆண்டுக்கு 5,250 டொலர் வரை வரியில்லாமல் பெறும் திட்டம் உண்டு. வருமான எல்லைக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணத்தில் 20 வீதம், அதிகபட்சம் 2,000 டொலர், வரியிலேயே கழிகிறது.

அவுஸ்திரேலியா இப்போதைய வருமானத்தோடு தொடர்புள்ள படிப்பின் செலவைச் சம்பளக்காரருக்கும் கழிக்க விடுகிறது. பிரித்தானியாவில் ஊழியர் தானே கட்டினால் கழிவு இல்லை. வேலை தொடர்பான பயிற்சிக்கு முதலாளி கட்டினால் ஊழியருக்கு வரி இல்லை. இந்தியாவில் கட்டணத்துக்கு அல்லாமல் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை கழிவு உண்டு. அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

நமக்கு மிக அருகில் வரும் முன்மாதிரி மலேசியா. ஒருவர் தன் படிப்புக்குச் செய்யும் செலவில் ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை அங்கே கழிக்கலாம். முதுமாணி, கலாநிதிப் படிப்பு என்றால் பாடம் எதுவானாலும் சரி. உச்சவரம்பு சிறியது, விதி தெளிவானது. இது உன் தொழிலுக்கு உரியதா என்ற வழக்குக்கே அங்கு இடமில்லை. சிங்கப்பூரோ 5,500 டொலர் வரை இருந்த பாடநெறிக் கட்டண நிவாரணத்தை 2026 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நிறுத்திவிட்டது.

எதிர்வாதங்கள்

அரசாங்கத்துக்கு வருமானம் வேண்டும் என்பது முதல் மறுப்பு. 2019 வரிக் குறைப்பின் விலையை எரிபொருள் வரிசையில் நின்று கட்டியவர்கள் நாம். இந்த வாதத்தை ஒதுக்க முடியாது. ஆனால் சிறிய உச்சவரம்பு வைத்தால் இழப்பும் சிறிதாகவே இருக்கும்.

வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவருக்கு ஏன் உதவி என்பது இரண்டாவது. இதில் பாதி உண்மை. மாதம் 150,000க்குக் கீழ் வாங்கும் ஆசிரியருக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ எந்த வரி நிவாரணமும் உதவாது. அவர்களுக்குப் புலமைப்பரிசிலும் குறைந்த வட்டிக் கடனும் வேண்டும். வரிச் சலுகை அந்தக் கடமைக்கு ஈடாகாது.

படித்து முடித்ததும் வெளிநாடு போய்விடுவார்கள் என்பது மூன்றாவது. போகிறவர்கள் போகிறார்கள், உள்ளூர்ப் படிப்புக்கு வழி குறுகினால் இன்னும் வேகமாகப் போவார்கள். உள்நாட்டில் செய்த செலவுக்கு மட்டும் என்ற பழைய நிபந்தனையை வைத்துக்கொண்டால் பணமாவது நம் பல்கலைக்கழகங்களில் நிற்கும்.

கேட்கவேண்டியது

என் கருத்தில், வருமானத்திலிருந்து கழிக்கும் பழைய முறையை விட்டுவிட்டு, கட்டணத்தின் ஒரு நிலையான பங்கை வரியிலேயே கழிக்கும் முறையைக் கேட்கவேண்டும். பங்கு 20 வீதம் என்று வைத்தால், மேலே சொன்ன இருவருக்கும் ஒரே 60,000 ரூபா. முதலாமவரின் ஆண்டு வரி 36,000 என்பதால் மீதி 24,000ஐ அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக விடவேண்டும். அங்கீகாரம் பெற்ற உள்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் நிறுவனத்துக்கும் கட்டிய கட்டணம் மட்டும், ஆண்டுக்கு ஓர் உச்சவரம்போடு, கட்டியவரின் பெயரிலுள்ள பற்றுச்சீட்டின் மேல். திணைக்களத்துக்கு மேலதிக வேலையும் அதிகமில்லை. பணம் பெறும் பல்கலைக்கழகங்களிடமே பதிவு இருக்கிறது.

இது கொழும்பை விட நம் மாவட்டத்துக்கு அவசியம். இங்கே விளையும் நெல்லில் கணிசமானது அரிசியாகாமலே பொலன்னறுவை ஆலைகளுக்குப் போகிறது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் பாலும் வாவி மீனும் இறாலும் பெறுமதி சேர்க்கப்படாமல் கைமாறுகின்றன. பாசிக்குடா விடுதிகளில் மேல்நிலை முகாமையாளர் வெளியிலிருந்து வருகிறார். போரும் 2004 சுனாமியும் உடைத்துப்போட்ட இந்த மாவட்டத்தில் நிலமும் நீரும் உழைப்பும் இருக்கின்றன. தொழிலைத் திட்டமிட்டு, கணக்குவைத்து, வெளியூர்ச் சந்தைக்குக் கொண்டுபோகத் தெரிந்தவர்கள் போதவில்லை. அத்தகைய ஒருவர் சொந்தக் காசில் தன்னை உருவாக்கிக்கொள்ளும்போது, அரசு அதை அவருடைய சாப்பாட்டுச் செலவோடு சேர்த்து எண்ணக்கூடாது.

அதுவரை

சட்டம் மாறும் வரை படிப்பவர் செய்யக்கூடியவை சில. விவரத்திரட்டில் எம்.பி.ஏ. கட்டணத்தைக் கழிவாகக் காட்டவேண்டாம். பிறகு மேலதிக வரியும் தண்டமும் வரும். 2022 டிசம்பர் 31 வரை கட்டிய கட்டணத்தின் பற்றுச்சீட்டுகளை, அந்த ஆண்டுகளின் கணக்கு முழுதாகத் தீரும் வரை எறியவேண்டாம். சொந்தத் தொழில் உள்ளவர் குறுகிய தொழிற்பயிற்சியின் செலவைப் பட்டப் படிப்பின் செலவோடு கலக்காமல் தனியே எழுதட்டும். மதிப்பீட்டு ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது, விவரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. இடையிலுள்ள எட்டு மாதங்களில் ஒரு கணக்காளரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

கோரிக்கையை எழுப்புவதற்கும் ஒரு காலம் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டத்துக்கு முன் நிதி அமைச்சுக்கு யோசனைகள் போகின்றன. வர்த்தக சங்கங்களும் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கமும் வங்கித் தொழிற்சங்கங்களும் வீதம் குறையவேண்டும் என்று கேட்கும் கடிதத்தில் இந்த ஒரு பந்தியையும் சேர்க்கலாம். மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் குழுநிலை விவாதத்தில் இதை எடுத்துப் பேசலாம். 2020இல் எவரும் கேளாமலே வந்த நிவாரணம், 2023இல் எவரும் கவனிக்காமலே போனது. அடுத்த முறை அது வருவதானால் நாம் கேட்டு, நமக்குப் பொருந்தும் அளவில் வரட்டும்.